கையில் வாங்காத உப்பு

எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள் நான். எதையும் வரிசைப்படி செய்தால்தான் அது வேலை செய்யும் என்று நம்புகிறவள். சுனாமி அலை வந்துபோன மறு வருடம், வெள்ளைக்காரர்கள் நிறையக் குடியிருந்த குயிலாப்பாளையத்தில் நிவாரண வேலைக்காகத் திறந்திருந்த ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களையும் யுபிஎஸ்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மரக்காணத்திலிருந்து தினமும் பஸ். அந்த அலுவலகத்தை நடத்திய ஜெர்மன்கார மேடம்தான் எனக்கு விக்காவைச் சொன்னவர்.

விக்கா ஒரு மதம். நிலவையும் பருவங்களையும் ஒரு தேவியையும் வணங்குகிறவர்கள். தங்களைச் சூனியக்காரிகள் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் யாருக்கும் எதுவும் வைக்க மாட்டார்கள். பௌர்ணமி சாயங்காலம் மேடம் வீட்டு முந்திரி மரங்களுக்கு நடுவே சில வெள்ளைக்காரப் பெண்கள் வட்டமாக நிற்பார்கள். எனக்குப் பிடித்தது தேவி அல்ல, அந்த ஒழுங்கு. முதலில் இடத்தைச் சுத்தம் செய்வது, பிறகு நான்கு திசைகளை அழைப்பது, பிறகு விளக்கு, பிறகு நீர். எங்கள் குலதெய்வக் கோயிலில் உள்ளே போவதெல்லாம் அப்பா, சித்தப்பா, பங்காளிகள். நாங்கள் பொங்கல் வைத்துவிட்டு வெளியே நிற்போம். இங்கே ஒரு பெண் ஒரு வருடம் முறையாகப் படித்தால், மேடம் அவளுக்குத் தீட்சை கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்வார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் அலசுவதை நிறுத்தவில்லை.

"அமாவாசையிலயா, பௌர்ணமியிலயா?"

"பௌர்ணமி."

"அப்ப பரவால்ல. ஆனா இருட்டுன அப்புறம் தனியா பஸ் ஏறக்கூடாது. சித்தப்பா பொண்ண கூட்டிக்கினு போ."

அப்படித்தான் என் தங்கை உள்ளே வந்தாள். சித்தப்பா மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், பி.ஏ.வைப் பாதியில் விட்டவள். துணைக்கு வந்தவள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அவள் இரண்டாவது பௌர்ணமியிலேயே எல்லோருடைய நாய்களின் பெயரையும் தெரிந்து வைத்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தடுமாறும். தடுமாறும் இடத்தில் சிரிப்பாள், அவர்களும் சிரிப்பார்கள். பிழையில்லாமல் பேசுகிற என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

நான் படித்தேன். மேடம் கொடுத்த புத்தகங்களை வரிசையாக முடித்தேன், எந்தத் திசைக்கு எந்த நிறம் என்று மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் தங்கை என் தோளில் சாய்ந்து தூங்குவாள். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "எதுக்குக்கா இப்டி பரீட்சைக்கு மாதிரி படிக்கிற? நெலா கேள்வி கேக்கப் போவுதா?" என்றாள்.

வட்டத்திலேயே ஒரு தகராறு புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் விருந்தினர் விடுதி நடத்திய ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணும் அந்த வட்டத்தில் இருந்தாள். தீட்சை பெற்ற ஒருவரிடமிருந்து தீட்சை பெற்றவர் மட்டுமே விக்கன் என்பது மேடத்தின் கட்சி. நிலவைப் பார்த்து மனம் நிறைகிற எவரும் விக்கன்தான், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது அவள் கட்சி. நான் மேடத்தின் பக்கம். அனுமதி தேவையில்லை என்றால், நான் அத்தனையும் படித்தது எதற்கு?

பங்குனிப் பௌர்ணமிக்கு மேடம் கடை உப்பு வேண்டாம் என்றார். எங்கள் ஊர் உப்பு வேண்டும், அதைத் தூவித்தான் வட்டம் போட வேண்டும். தன் உப்பளத்தில் அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரி, பாத்திகளை மறுபடி மிதித்துச் சரிசெய்து, சித்தப்பா அப்போதுதான் உப்பு எடுக்க ஆரம்பித்திருந்தார். ஆக, உப்பும் தங்கை வீட்டு உப்பு. பையை நான்தான் சுமந்து போனேன்.

மேடம் அதை ஒரு கிண்ணத்தில் கொட்டினார். கிண்ணம் கையிலிருந்து கைக்கு வட்டம் முழுக்க ஒரு சுற்று வர வேண்டும், பிறகுதான் தூவ வேண்டும். தங்கையும் அன்று வட்டத்தில் நின்றாள். ஆஸ்திரேலியக்காரி அவளை இழுத்து எனக்கும் தனக்கும் நடுவில் நிறுத்தியிருந்தாள். தீட்சைக்கு நாள் நெருங்கிய எனக்கு வட்டத்தில் ஓர் இடம் எவ்வளவு பெரியது என்று யாரும் யோசிக்கவில்லை. கிண்ணம் என் கைக்கு வந்தது. நான் தங்கையிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கீழ வைக்கா. எடுத்துக்கறேன்."

"புடிடி. எல்லாரும் பாக்கறாங்க."

"உப்ப கையில குடுத்தா சண்ட வரும்னு ஒனக்குத் தெரியாதா? வை."

எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில்கூட யாரும் உப்பைக் கையில் கொடுத்ததில்லை. இலை ஓரத்தில் வைப்பார்கள், இல்லையென்றால் கிண்ணத்தை நகர்த்துவார்கள். தெரிந்துதான் நீட்டினேன். இங்கே விதி வேறு, நான் இங்கத்து விதிப்படி நடக்கிறவள் என்று காட்டத்தான் நீட்டினேன்.

மேடம் என்னவென்று கேட்டார். தங்கை தன் ஆங்கிலத்தில் விளக்கினாள். ஆஸ்திரேலியக்காரி கண் கலங்கிவிட்டாள். "பாருங்கள், நாமெல்லாம் புத்தகத்தில் தேடுவது இவளுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கே நிஜமான விக்கன் இவள்தான்" என்றாள். மேடம் அசையவில்லை. "அது அவளுடைய ஊர் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் விக்கா அல்ல. விரும்புகிறவர்கள் எல்லாரும் விக்கன் என்றால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை" என்றார். "உங்கள் விக்காவே போன நூற்றாண்டில் யாரோ உட்கார்ந்து எழுதிச் சேர்த்ததுதானே" என்றாள் ஆஸ்திரேலியக்காரி. பிறகு இருவரும் குரலை உயர்த்தினார்கள். நிலா மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். தங்கை குனிந்து எடுத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன்ல" என்று என் காதில் சொன்னாள்.

வட்டம் அன்றோடு இரண்டாகப் பிரிந்தது. ஆஸ்திரேலியக்காரி தன் விடுதி மொட்டை மாடியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தாள்; பெரும்பாலானவர்கள் அங்கே போனார்கள், தங்கையும் போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மேடத்தின் பக்கம் தீட்சைக்கான வரிசையில் இனி நான் ஒருத்திதான்.

கோடை விடுமுறைக்குத் தன் நாட்டுக்குப் போகும் முன், சித்திரைப் பௌர்ணமியன்று, மேடம் எனக்குத் தீட்சை கொடுத்தார். மேடம், இன்னொரு வயதான பெண், நான். கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். எண்ணெய் தொட்டு நெற்றியில் வைத்தார். இனி நீ எங்களில் ஒருத்தி என்றார். பக்கத்து மாடியிலிருந்து சிரிப்பு கேட்டது. அதில் எது தங்கையின் சிரிப்பு என்று எனக்குத் தனியாகத் தெரிந்தது. மேடமும் அந்தப் பக்கம் பார்த்தார். விளக்கை அணைத்துக்கொண்டே, "உன் தங்கை எப்படி இருக்கிறாள்? அவள் இல்லாமல் இந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது" என்றார்.

நன்றாக இருக்கிறாள் என்றேன்.

மறுநாள் மதியம் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. தங்கை எனக்கு எதிரில் உட்கார்ந்து, முந்தின நாள் மாடியில் யார் என்ன கூத்தடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே குழம்பை ருசி பார்த்தாள்.

"உப்பு கம்மிக்கா. அந்த ஜாடிய இப்டி நகத்து."

நான் ஜாடியை நகர்த்தவில்லை. மூடியைத் திறந்து ஒரு பிடி கல் உப்பை அள்ளி அவளிடம் நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"சண்ட போடணும்னா நேரா போடுக்கா. உப்ப ஏன் இழுக்கிற?"

நான் கையை எடுக்கவில்லை. சித்தி உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். என் உள்ளங்கை வியர்த்து உப்பு கசிய ஆரம்பித்தது. தங்கை சோற்றுக் கையைத் தட்டில் உதறிவிட்டு, இடது கையை மெல்ல என் கைக்குக் கீழே கொண்டுவந்து விரித்தாள்.

"போடு" என்றாள்.