தவிட்டுக்கு விற்ற பிள்ளை

தம்பி பிறந்த பிறகு அம்மா என்னை அடிப்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதுவரை நான் அடி வாங்காத நாள் கிடையாது. சோற்றைச் சிந்தினால் அகப்பைக் காம்பு, சட்டையில் சேறு பட்டால் ஈர்க்கு, எதிர்த்துப் பேசினால் கையில் எது இருக்கிறதோ அது. அப்பா வயல் வாடியில், காவல் குடிசையிலேயே கிடப்பார். வட்டையில், அந்த வயல்வெளியில், வேலை ஓயாமல் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். ஆகவே படுவான்கரையில், வாவியோரத்துக் கிடுகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அடிப்பாள், பிறகு எண்ணெய் வைத்துத் தலை வாரிப் பின்னிவிடுவாள், வாரும்போதே ஒரு குட்டும் விழும். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். அடித்தவளின் மடியில்தான் தலை வைத்துப் படுப்பேன். அம்மா என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யாரும் எனக்குப் பாடம் சொல்ல வர வேண்டாம்.

எனக்கும் தம்பிக்கும் இடையில் இரண்டு பிள்ளைகள் பிறந்து செத்துப்போயின. இரண்டும் தொப்புள்கொடி காய்வதற்குள் போயின. கொத்தி கொண்டுபோய்விட்டது என்றார்கள். பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றித் திரிந்து பச்சைக் குழந்தையின் உயிரைக் குடிக்கிற பேய் அது. எந்தப் பிள்ளை யாருடையது என்று காதால் கேட்டுத்தான் அதற்குத் தெரியுமாம். அதனால் மூன்றாவது பிள்ளையைப் பிறந்த மறுநாளே விற்றுவிட்டார்கள்.

வாங்கியவர் வாவிக்கு அக்கரையான காத்தான்குடியிலிருந்து தோணியில் வந்து வீடு வீடாகப் புடைவை விற்கும் முஸ்லிம் வியாபாரி. அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எங்கள் ஊரும் அவரை அப்படியே கூப்பிட்டது. வேற்றுச் சமயத்து மனிதரின் பிள்ளையைத் தேடி எங்கள் ஊர்க் கொத்தி தோணி ஏறாது என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளையை நெல் புடைக்கிற சுளகில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். விலை தவிடுதான்; புடைவைக்காரரிடம் தவிடு ஏது? பக்கத்து வீட்டு வளவு மாமியிடம் ஒரு கொத்தளவு தவிடு கேட்டு வாங்கிவந்து, கதவடியில் நின்ற அம்மாவின் மடியில் கொட்டினார். பிறகு குப்பையிலிருந்து பிள்ளையைத் தூக்கி, நாலு வளவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இனி இது எண்ட புள்ள. வளத்துத் தா தங்கச்சி."

பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புடைவைப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவன் காக்காட புள்ள. எங்கட புள்ள, என்ட தம்பி எண்டு உன்ட வாயில வந்திச்சோ, அவன் செத்துப் போயிருவான். விளங்கிச்சா?"

எனக்கு நன்றாக விளங்கியது. பெரியவர்களுக்கெல்லாம் அது ஒரு பாசாங்கு. எனக்கு மட்டும்தான் நிசம். விற்றாயிற்று, தவிட்டையும் வாங்கியாயிற்று; பிறகு என்னத்துக்கு ஊரான் பிள்ளை என் அம்மாவின் மடியில் கிடக்கிறது? 

முதலில் கிள்ளினேன். தொடையில், இரத்தம் கட்டும் வரைக்கும் கிள்ளினேன். அம்மா பார்த்தாள். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. அவள் வாயை இறுக்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டுக்கொண்டாள். பிறகு காலைக் கடித்தேன். பல் பதிந்த இடம் வீங்கியது. அதற்கும் ஒன்றுமில்லை. மாமரத்திலிருந்து முசுற்றுக் கூட்டை இலையோடு முறித்துவந்து, பிள்ளை கிடந்த ஏணைக்குள், அதாவது கூரை வளையில் கட்டித் தொங்கவிட்ட சேலைத் தொட்டிலுக்குள், உதறிவிட்டேன். சிவப்பு எறும்புகள் அவனை மொய்த்தன. அவன் போட்ட சத்தத்தில் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அம்மா ஓடிவந்து வெறும் கையால் எறும்புகளை நசுக்கினாள். அவள் விரல்களெல்லாம் தடித்துப் போயின. மாமியைப் பார்த்து, காக்காவின் பிள்ளையை எறும்பு கடித்துவிட்டது என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு போய் உரலில் நெல்லைப் போட்டுக் குத்தினாள். அப்படிக் குத்தி நான் பார்த்ததில்லை. அரிசியெல்லாம் குறுணியாய்ப் போனது, அப்போதும் நிறுத்தவில்லை. குறுக்கே வந்த நாய்க்கு உலக்கையால் ஒன்று விழுந்தது. அது மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடியது. நாய்க்குக்கூட அடி உண்டு, எனக்கு இல்லை.

பெற்றவள்தான் தன் பிள்ளைக்காகக் கை ஓங்குவாள். விற்ற பிள்ளைக்காக என்னை அடித்தால் கொத்திக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவள் பயந்திருந்தாள். இது எனக்கு விளங்க வெகுகாலம் ஆனது. அப்போது எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: அவளுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன்.

ஒரு நாள் அரிவாளை எடுத்து ஏணைக் கயிற்றை அறுத்துவிட்டேன். பிள்ளை பொத்தென்று நிலத்தில் விழுந்தான். தலையில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். அம்மா அடுக்களையிலிருந்து கொள்ளிக்கட்டையோடு வந்தாள். ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. நான் அசையவில்லை. "அடிங்கம்மா, எனக்கு அடிங்க" என்று கத்தினேன். அவள் அந்தக் கட்டையைத் தன் முழங்கையில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோல் கருகிய மணம் வந்தது. பிறகு கட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து வீக்கத்தைத் தடவினாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வாசலில் புரண்டு புரண்டு அழுதேன்.

அவன் தவழத் தொடங்கினான். வெட்கமில்லாத பிறவி; கிள்ளினவள், கடித்தவள், தள்ளி விழுத்தினவள் என்று ஒரு எண்ணமும் இல்லாமல் என்னிடமே வருவான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழும்புவான். தள்ளிவிட்டால் சிரிப்பான். நானும் தள்ளுவதைக் குறைத்துக்கொண்டேன். கை வலித்தது, அவ்வளவுதான்.

ஒரு காலை வாவிக்கரையில் அம்மா உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மணலில் இருந்தான். மாமியின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், வந்து அவனுடைய காலைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தான். காக்காவின் பிள்ளை மிதக்குதா பார்ப்போம் என்று சிரித்தான். பிள்ளையின் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது.  கிடந்த தென்னை மட்டையைத் தூக்கி அவன் மண்டையில் போட்டேன். அவன் விழுந்தான். விழுந்தவனை விடவில்லை, மூக்கிலும் வாயிலும் அடித்தேன். முன்பல் ஒன்று இரத்தத்தோடு மணலில் விழுந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"இவன் என்ட தம்பி! எங்கட அம்மா பெத்த புள்ள!"

துவைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கை ஓய்ந்து நின்றார்கள். அம்மா வந்தாள். கையில் முறுக்கிப் பிழிந்த ஈரச் சேலை. பிள்ளையைப் பறித்து யாரிடமோ கொடுத்துவிட்டு அந்தச் சேலையால் என்னை அடித்தாள். முதுகு, கால், முகம் என்று பார்க்கவில்லை. ஒரு வருசத்து அடி, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சேலை கிழிந்ததும் கையால் வாயில் அடித்தாள். உதடு வெடித்தது.

"சொல்லுவியா? சொல்லிப்போட்டியேடி. தின்னக் குடுத்திட்டியே."

நான் எவ்வளவு காலம் கேட்டுக் காத்துக்கிடந்த அடி! ஆனால் அடிக்கிறவளின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை அதில். செத்துப்போகிறவளின் பயம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபடி வாங்கிய அடிதான் எனக்கு வலித்தது.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. கண் திறக்கவில்லை, பால் குடிக்கவில்லை. தண்ணீர் உள்ளே போனதால் வந்த காய்ச்சல் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு அம்மாவும் நானும் வேறொன்றை நினைத்தோம். அவள் என்னைத் திட்டவில்லை. ஏணையைப் பிடித்தபடி இருந்தாள். நான்தான் சொன்னேன், நான்தான் கொன்றேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

வீட்டை விட்டு ஓடினேன். கொத்தி எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வாவியைப் பார்த்துக் கத்தினேன். புளியமரத்தைப் பார்த்து, குப்பைமேட்டில் ஏறி நின்று, எங்கள் கூரையைப் பார்த்துக் கத்தினேன். "அவன் எங்கட புள்ள இல்ல! எனக்குத் தம்பி இல்ல! நான் பொய் சொன்ன! அவன் காக்காட புள்ள!" வெடித்த உதடு திரும்பக் கிழிந்து தாடையில் இரத்தம் வடிந்தது. தொண்டை கட்டும் வரைக்கும் அவனை இல்லை, இல்லை என்றேன். அவன்மேல் அவ்வளவு ஆசை எனக்கு அதற்கு முதலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

வெயில் சாயும் நேரம் அம்மா குப்பைமேட்டுக்கு வந்தாள். என்னை இறக்கி, தன் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"காணும், இனிப் போதும். அதுக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

தம்பி பிழைத்தான். நடந்து, பேசி, வீட்டுச் சாமானெல்லாம் உடைக்கிற வயது வந்ததும் காக்கா வந்தார். இனிப் பயமில்லை, உன் பிள்ளையை நீயே எடுத்துக்கொள் என்றார். அம்மா சுளகில் தவிடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். என் பிள்ளை என்று வாய் திறந்து சொல்ல வராமல் நின்றாள். அதற்குள் தம்பி ஓடிவந்து சுளகை உதைத்தான். தவிடெல்லாம் காக்காவின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

அம்மாவின் கை எழும்பியது. ஒரு கணம் நின்றது. பிறகு அவன் முதுகில் பளாரென்று விழுந்தது.

பிறந்த நாளிலிருந்து அவள் கையால் அடி வாங்காதவன். அழக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு வீரிட்டுக்கொண்டு வந்து என் பாவாடைக்குள் ஒளிந்தான். அம்மா அடித்த கையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவனை இழுத்து வெளியே எடுத்து, அவளுக்கு முன்னால் தள்ளினேன்.

"இன்னும் ஒண்டு போடுங்கம்மா. எங்கட புள்ளதானே."