சுவரின் முதல் வரி

பிரிண்டர் பழுது பார்க்கும் அக்கா, புதுசாக ஆப் தொழில் தொடங்கிய பதினோரு பேரைத் தன் கடை மாடியில் கூட்டினாள். யோசனைகளைப் பகிர்ந்துகொள்ளத்தான் அழைப்பு. ஆனால் பக்கத்தில் இருப்பவன் தன் யோசனையைச் சுட்டுவிடுவான் என்ற பயத்தில் ஒருத்தரும் பேசவில்லை.

அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “வாயைத் தைச்சுக்கிட்டு உக்காரவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” மார்க்கரை எடுத்து வெள்ளைச் சுவரிலேயே எழுதினாள்: ‘ரிப்பேர்காரரைக் கூப்பிட ஆப் செய்தேன். ஜனங்கள் அவர் நம்பரை வாங்கிக்கொண்டு ஆப்பை அழித்துவிட்டார்கள்.’

“எனக்கும் இதே கதிதான்க்கா,” என்று ட்யூஷன் ஆப் செய்தவர் எழுந்தார். அப்புறம் பேச்சு ஓயவே இல்லை.

அன்றிலிருந்து அங்கே ஒரே சட்டம்: முதலில் சறுக்கியதை எழுது, பிறகு யோசனையைச் சொல். நாலு வருஷத்தில் சுவர் நிரம்பிவிட்டது. இப்போது சனிக்கிழமைதோறும் மாடிப்படியில்கூட ஆட்கள் உட்கார்கிறார்கள்.

“சுவரைப் பாழாக்கிட்டா” என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுத்த கணவர், போன வாரம் பெயிண்டரைக் கூட்டி வந்தார். அக்கா சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“மத்ததெல்லாம் அடிங்க. அந்தச் சுவர்ல மட்டும் கை வெக்காதீங்க,” என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. “முதல் வரி, என் சம்சாரம் தோத்த கதை.”