அம்மாவுக்கு நான் எழுதிய லீவு லெட்டர்

புது ஒயரின் மேல்தோலுக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த ரப்பர் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல, மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காத வாசனை. நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில், தலையணையில், என் சடைப் பின்னலில்கூட அது இருந்தது, ஏனென்றால் அம்மாவின் பத்து விரலிலும் அது இருந்தது.

ஐயம்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் களை எடுக்கவும் நாற்று நடவும் போவார்கள், அது இல்லாத நாளில் தறிக்காரர் வீடுகளுக்கு நூல் சுற்றப் போவார்கள். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, தலையில் வலைத் தொப்பியோடு "கம்பெனி பஸ்" ஏறியவள் என் அம்மா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார்களுக்கு வேண்டிய ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி. அப்பாவோ ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஏறுகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி கை படாத காரு இந்த ரோட்லயே ஓடாது தெரியுமா" என்று அளந்துவிடுவார்.

அம்மாவின் வேலை, எதிரே நிற்கும் பலகையில் வரைந்திருக்கும் கோட்டின்படி சிவப்பு, மஞ்சள், பச்சை ஒயர்களை ஒவ்வொன்றாக வைத்து டேப் சுற்றுவது. பலகை முன்னால், ஒயர்ப் பெட்டியோ முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு ஒயருக்கும் திரும்பி, குனிந்து, சிக்குப் பிடித்த கட்டிலிருந்து ஒன்றை உருவி, மறுபடி முன்னால் திரும்ப வேண்டும், காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே கதைதான். வீட்டுக்கு வந்ததும் பாயில் குப்புறப் படுத்து, "மிதிடி கண்ணு" என்பாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இடுப்பின்மேல் நடப்பேன், நடந்தபடியே மறுநாள் பாடத்தையும் மனப்பாடம் செய்துவிடுவேன். ஒருநாள் அப்படி மிதி வாங்கிக்கொண்டே, "இந்த இடுப்பு பொங்கல் வரிக்கும் தாங்காது. நின்னுட்டு, பழையபடி களை எடுக்கத்தான் போவணும்" என்றாள். எனக்குப் பகீரென்றது. கம்பெனி வேலை வந்த பிறகுதான் என்னைக் காஞ்சிபுரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அதையும்விட, நீலக் கோட்டில் அம்மா நடக்கிற நடையே வேறு. அந்த நடை போய்விடுமே என்று எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி கேன்டீன் வாசலில் ஒரு மஞ்சள் பெட்டியை மாட்டினார்கள். வேலையை இன்னும் நன்றாகச் செய்ய யாருக்கு எந்த யோசனை தோன்றினாலும் எழுதிப் போடலாமாம். ஒரு மாதம்வரை அதில் மிட்டாய்த் தாளும் பஸ் டிக்கெட்டும்தான் விழுந்தன என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிக்காமல் என் எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு ரோசன இருக்குது. இங்கிலீஷ்ல எழுதுனாதான் மேல போவுமாம். நான் சொல்றேன், நீ எழுது."

கேட்கவா வேண்டும்! நான் முதல் ரேங்க். எப்படி முதல் ரேங்க் என்றால், கைடு என்ற மஞ்சள் அட்டைப் புத்தகத்தைக் கமா விடாமல் ஒப்பித்து. அர்த்தம் தெரியுமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, "மாத்தி எழுதுனா மார்க் கட்டு" என்பதுதான் எங்கள் வகுப்பின் வேதம். எனக்குத் தெரிந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றே ஒன்று, லீவு லெட்டர். அம்மா கையை ஆட்டி ஆட்டி, சுவரில் கோடு போட்டுக் காட்டி, அரைமணி நேரம் பேசினாள். நான் "உம்" கொட்டிக்கொண்டே, "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்" என்று ஆரம்பித்துவிட்டேன். "ஃபீவர்" இருந்த இடத்தில் "பேக் பெயின்" என்று போட்டதுதான் நான் செய்த ஒரே மாற்றம், அதற்கே எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இரண்டு நாள் லீவு தருமாறு பணிவுடன் கேட்கும் கடைசி வரியை அப்படியே விட்டேன், அது இல்லாவிட்டால் கடிதம் முடியாது என்று நினைத்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப்போனாள்.

நாலாம் நாள் மத்தியானமே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். லைன் சூப்பர்வைசர் குமரன், இருபத்தைந்து வயதுப் பையன், பெட்டியிலிருந்து எடுத்த அந்தத் தாளை எல்லார் முன்னாலும் ஆட்டி, "உடம்பு முடியலன்னா முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாம உள்ள வராதீங்க" என்றிருக்கிறான். முதுகு சரியில்லாத ஆளைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது என்பது லைனில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யோசனை சொல்லப் போனவளுக்கு வேலையே ஆட்டம் கண்டுவிட்டது.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது தாளை நீட்டி, "இத்த தமிழ்ல படி" என்றாள். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அவள் அடிக்கவில்லை.

"அவ்ளோ நேரம் பேசுனனே கண்ணு. அதுல ஒரு வார்த்த கூட இதுல இல்லியா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை. திண்டாடித் தெருவில் நிற்பது என்பார்களே, அன்று நான் வீட்டுக்குள்ளேயே அப்படி நின்றேன். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அப்பா, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்தார், அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். அப்புறம் அம்மா என்னைப் பார்த்து, "நாளைக்கு எனக்கும் லீவு, உனக்கும் லீவு" என்றாள்.

மறுநாள் காலை வாலாஜாபாத்தில் டாக்டரைப் பார்த்து, மாத்திரையும், வேலை செய்யத் தடையில்லை என்ற சர்ட்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். வரும் வழியில் பக்கத்துத் தெருத் தறிக்காரர் வீட்டில் ஒரு கட்டு "டிசைன் அட்டை" கேட்டு வாங்கினாள். சேலையில் பூ விழுவதற்காகத் தறியின் மேலே ஓடும், வரிசையாகத் துளை போட்ட கெட்டி அட்டை அது. பழசானவை எங்கள் ஊரில் விசிறியாகவும் நோட்டு அட்டையாகவும் பிழைத்துக் கிடக்கும்.

என்னை நடுவீட்டில் நிறுத்தி, எதிரே வேலைப் பலகையாக ஒரு மணைப்பலகையைச் சாத்தி, பின்னால் ஒரு முறத்தில் கலர் நூல்களைக் குவித்தாள். "நீதான் நானு. திரும்பித் திரும்பி எடு." சோறு கொதிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றி இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான், ஏழு வருஷப் பள்ளிப் படிப்பில் முதன்முறையாக, நானாக ஒரு கேள்வி கேட்டேன். "ஏம்மா பெட்டிய பின்னாடி வச்சிருக்காங்க?"

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "தெர்லியே. வந்த நாள்லேர்ந்து அங்கதான் இருக்குது. நான் கேட்டதே இல்ல."

அவளுடைய யோசனை இவ்வளவுதான்: துளை போட்ட ஒரு பலகையை முன்னாலேயே நிறுத்தி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கலர் ஒயரின் நுனியை நீட்டிவைத்தால், திரும்பவும் வேண்டாம், சிக்கெடுக்கவும் வேண்டாம், இழுத்தால் வரும். அட்டையில் நூலைக் கோத்து நிறுத்தினோம், எதிரே இருந்த வேலைப் பலகையே மறைந்துபோனது. கீழே இறக்கினோம், கை இடித்தது. பக்கத்தில் வைத்தோம், மறுபடி இடுப்பைத் திருப்ப வேண்டியிருந்தது. "எது சரிம்மா?" என்று கேட்டேன். "எனக்கு மட்டும் தெரியுமா? வச்சுத்தான் பாக்கணும்" என்றாள். கடைசிப் பக்கத்தில் விடை அச்சடிக்காத கணக்கு ஒன்றை நான் அன்றுதான் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, அப்படியொரு குஷியாகவும் இருந்தது. பலகைக்கு மேலே, எங்களைப் பார்த்துச் சாய்ந்தாற்போல அட்டையைத் தூக்கிக் கட்டியபோது கை தானாகப் போய் நூலை இழுத்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "ஹை!" என்று கத்தினோம்.

பிறகு அம்மா பேசப் பேச அவள் சொன்ன சொல்லையே தமிழில் எழுதினேன், ஆறே வரி. "பின்னாடி திரும்பி எடுக்கறதுல இடுப்பும் போவுது, நேரமும் போவுது" என்றுதான் அது தொடங்கியது.

அட்டையில் நாங்கள் செய்த மாதிரி மஞ்சள் பெட்டியின் வாய்க்குள் நுழையுமா என்ன? லீவு முடிந்து போன அன்று சாப்பாட்டு நேரத்தில் அதை லைன் மேசையிலேயே வைத்துவிட்டாள். பெண்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கு ஒரு நூலை இழுத்துப் பார்த்தார்கள். குமரன் வந்து, "இன்னாக்கா இது, கொலு பொம்மையா? எட்து வைங்க" என்றிருக்கிறான். அம்மாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எட்து வைக்கறேம்பா. மொதல்ல எங்க எடத்துல ஒரு மணி நேரம் நின்னு பாரு" என்றாளாம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டு, "நில்லுப்பா, நில்லு" என்று பிடித்துக்கொள்ள, அவனால் தட்ட முடியவில்லை. அரைமணியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தவன், அட்டையையும் தாளையும் தானே மேலே தூக்கிக்கொண்டு போனான். இதை அம்மா நடித்தே காட்டுவாள்.

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. அந்த மூன்று வாரமும் நான் அவள் இடுப்பை மிதித்துக்கொண்டே, "கூப்ட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். பிறகு ஒருநாள் அவள் இடத்தில் மட்டும் ஒரு இரும்புச் சட்டம் நின்றது, சாய்ந்தபடி, துளை துளையாக. முதல் நாளே அவள் அதில் ஒரு குறை சொன்னாள். குள்ளமான பெண்களுக்கு மேல்வரிசை எட்டாது என்று. அதையும் இறக்கினார்கள். மாசி மாதத்திற்குள் லைன் முழுக்கச் சட்டம் வந்துவிட்டது. அம்மா அந்தக் கம்பெனியில் இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள், கடைசி நான்கு வருஷம் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிற இடத்தில். அவர்களிடம் முதல் நாளே, "எது ஏன் எங்க இருக்குதுன்னு கேளுங்கமா. நான் ரொம்ப நாள் கேக்காம வுட்டுட்டேன்" என்பாளாம்.

நான் இப்போது வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர். சிரிக்காதீர்கள், உண்மைதான். எதையும் பார்க்காமல் சொந்தமாக எழுதினால், பிழை இருந்தாலும் ஒரு மார்க் கூடுதல் என்பது என் வகுப்புச் சட்டம். அந்த மஞ்சள் அட்டைப் புத்தகங்களை இப்போது கடையில் காணோம், பிள்ளைகள் போனிலிருந்து பார்த்து எழுதுகிறார்கள், அதை நான் கண்டுபிடிப்பதும் அவர்கள் அசடு வழிவதும் தினமும் நடக்கிற கூத்து. எங்கள் தெருவில் இன்று வீட்டுக்கு ஒரு நீலக் கோட்டாவது கொடியில் காய்கிறது.

போன மாதம் எதிர்வீட்டு சுகன்யா வந்திருந்தாள். அதே கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பேச்சுவாக்கில், "அந்த ஓட்டச் சட்டத்தலாம் கழட்டிட்டாங்க பெரிம்மா. இப்ப வட்டமா சுத்துற ஸ்டாண்டு. எங்க லைன்ல ஒரு பொண்ணு குடுத்த ஐடியாவாம், சூப்பரா இருக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இரண்டு கையாலும் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டாள். "ஆமால்ல, அது இன்னும் கிட்ட வரும்" என்றாள். பிறகு சுகன்யாவின் முழங்காலைத் தட்டி, "யார்டி அந்தப் பொண்ணு? நாளிக்கு மறக்காம அவ பேரக் கேட்டுக்கினு வா" என்றாள்.