செருப்பைக் கழற்றாத ஊர்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தேவாலயக் கோபுரத்தின் கீழ்ப்பாதி. மேல்பாதி மூடுபனிக்குள் இருந்தது. அதற்குக் கீழே ஓட்டுக்கூரை வீடுகள், நீலம் பூசிய ஜன்னல் சட்டங்கள், செங்குத்தாக இறங்கும் கல் பாவிய தெரு. ஒரு மனிதர் ரொட்டிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

பிரேசிலின் உள்நாட்டு மலையூர் அது. தங்கம் தோண்டிய காலத்தில் கட்டப்பட்டது. தங்கம் தீர்ந்த பிறகு புதிதாக எதுவும் கட்டப்படவில்லை. யாங்கோனிலிருந்து அங்கே போய்ச் சேர மூன்று விமானங்கள், ஓர் இரவுப் பேருந்து. என் கணக்கில் இருபத்துமூன்று ஆண்டுகள்.

கைப்பையில் ஒன்பது தாள்கள் வைத்திருந்தேன். அச்சுக்குப் போகவிருந்த ஒரு புத்தகத்தின் பிழைதிருத்தப் படியில் முதல் கட்டுரை. அந்த ஊரைப் பற்றியது. எழுதியவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை என்பது என் சந்தேகம். அதை நிரூபிக்கத்தான் போனேன்.

நான் யாங்கோனில் ஒரு பர்மிய நாளிதழில் வேலை பார்த்தவள். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. அங்கே எனக்கு எட்டு வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மியர், வீடு எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலேயே, ரயில் பாதையை ஒட்டி. பத்திரிகைக்காரர்கள் மூத்தவரை அழைக்கும் வழக்கப்படி நான் அவரை சயா என்பேன். அவர் என்னை ஞீமா, தங்கை, என்பார். எனக்குத் தலைப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரேசில் நாட்டு அழைப்பு ஒன்று பத்திரிகைக்கு வந்தது. ஒரு செய்தியாளர், பத்து நாள். பட்டியலில் இருந்தது என் பெயர். அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். புகைப்படம் எடுத்து, பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டு, காத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை அலுவலக மேசையில் அதே பட்டியலைப் பார்த்தேன். என் பெயரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் சயாவின் பெயர். அவர் முந்தின நாளே விமானம் ஏறியிருந்தார்.

ஆசிரியரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார்.

"கைக்குழந்தைக்காரி, கேட்டாலும் போகமாட்டாள், கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவாள் என்று அவர்தான் சொன்னார். எனக்கும் உன்னிடம் கேட்க ஆனாடெயாக இருந்தது."

ஆனாடெ என்பது பர்மாவில் பிறந்த எவருக்கும் ரத்தத்தில் இருப்பது. பிறரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற கூச்சம். பசியோடு விருந்துக்குப் போய் 'சாப்பிட்டாயிற்று' என்போம். அந்தக் கூச்சத்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கூச்சத்தால் நானும் சயாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது, பயணம் நன்றாக இருந்ததா என்று விசாரித்தேன். எனக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கட்டுரை ஞாயிறு இதழில் முழுப்பக்கம் வந்தது. ஊரே பேசியது. அவருக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். நான் அதைப் பிழைதிருத்தும் கண்ணோடு படித்தேன். நான்காவது பத்தியில் ஒரு வரி: 'தேவாலய வாசலில் செருப்புகளை விட்டுவிட்டு மக்கள் அமைதியாக உள்ளே போகிறார்கள்.' அங்கேயே நின்றுவிட்டேன். யாங்கோனில் பகோடாப் படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றுவோம்; தமிழர்கள் நாங்கள் கோயிலிலும் கழற்றுவோம். பிரேசில்காரன் எதற்குக் கழற்றுகிறான்?

அதற்குப் பிறகு இருபத்துமூன்று ஆண்டுகள் அந்த வரியை வைத்திருந்தேன். சிலர் பகையைக் காலம் ஆற்றிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

போன ஆண்டு சயா தம் பயணக் கட்டுரைகளைப் புத்தகமாக்க முடிவு செய்தார். பிழைதிருத்த என்னிடமே கொடுத்தார். "உன் கண்ணுக்குத் தப்பாது ஞீமா" என்றார். மகள் அப்போது வேலை நிமித்தம் சாவோ பாவ்லோவில் இருந்தாள். நான் அவளைப் பார்க்க டிக்கெட் எடுத்தேன். தடின்ஜூட் விளக்குத் திருநாளுக்குள் திரும்பிவிடுவேன், அதற்குப் பிறகு படியைத் தருகிறேன் என்று சயாவிடம் சொன்னேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

மலையூரில் மகளுக்கு விஷயம் முழுதும் தெரிந்தது மூன்றாவது தெருவில்தான். அதுவரை நான் குறிப்பேட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அமே, நீ ஊர் பாக்க வந்தியா, கேஸ் போட வந்தியா?"

சொன்னேன். அவள் கல் தெருவின் நடுவில் நின்றுவிட்டாள்.

"அப்ப நான்தான் காரணமா? ஏழு மாசத்துல நான் என்ன செஞ்சேன், பாஸ்போர்ட்ட கடிச்சேனா?"

"நீ ஒண்ணும் செய்யல. உன்னச் சாக்கு வச்சாங்க."

"சரி, வா. எங்க போகணும்? என் மானமும் இதுல இருக்கு."

போர்த்துகீசியம் பேச அவள் கிடைத்தது நல்லதாயிற்று. ஒன்பது தாள்களிலும் சரிபார்க்கக்கூடிய வரிகளை எண்ணிட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் போனோம்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் செருப்பைப் பற்றி மகள் கேட்டாள். அந்த அம்மாள் முதலில் கேள்வியே புரியாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தரை முழுக்க மரப்பலகை. ஒவ்வொரு பலகையிலும் ஓர் எண். கீழே பழைய காலத்துப் பிணங்கள். "இந்தக் குளிரில், செத்தவர்கள் தலைக்கு மேல், வெறுங்காலோடா?" என்றார். நானும் மகளும் செருப்புக் காலோடு உள்ளே போனோம். என் குதிகால் கூசியது. ஆனாலும் போனேன்.

'மாலை வெயிலில் முகப்பு பொன்னாக எரிந்தது' என்று எழுதியிருந்தார். முகப்பு கிழக்கு பார்த்தது. உறுதிப்படுத்த மாலை ஐந்தரை வரை எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். முகப்பில் நிழல்தான் இருந்தது.

'தெருமுனைகளில் வழிப்போக்கருக்காக மூடியிட்ட மண்பானைகளில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்' என்று ஒரு வரி. யாங்கோன் தெருக்களில் புண்ணியத்துக்கு வைக்கும் பானைகள் அவை. இந்த ஊரில் ஒரு பானை இல்லை. சதுக்கத்தின் நடுவில் இருந்தது ஒரு கல் நீரூற்று: மூன்று மனித முகங்கள், மூன்று வாயிலிருந்தும் தண்ணீர். எந்தத் தெருவில் நுழைந்தாலும் அதன் முன்னால்தான் வந்து முடிகிறது. நாய், குதிரை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அங்கே. அந்த ஊருக்கு வந்த எவரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. ஒன்பது தாள்களிலும் நீரூற்று இல்லை.

போகாத ஊரை எழுதியவர் தம் ஊரை எழுதி வைத்திருந்தார்.

ஒரு வரி மட்டும் சரியாக இருந்தது. தெருக்கற்கள் மீன் முதுகு போல வழுக்கும் என்று எழுதியிருந்தார். இறங்கும்போது வழுக்கி உட்கார்ந்தேன். முழங்கை சிராய்த்தது. எழுந்து, அந்த வரிக்கு நேரே 'சரி' என்று எழுதினேன். அன்று முழுவதும் எனக்கு எரிச்சல் தந்தது அந்த ஒரு சொல்தான்.

யாங்கோனில் தடின்ஜூட் முடிந்த ஞாயிறு. ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சமயத்தில் பழைய பத்திரிகைக்காரர்கள் கூடி மூத்தவருக்கு கடோ செய்வோம். பாயில் மண்டியிட்டு, பரிசை முன்னால் வைத்து, உடலால், சொல்லால், மனத்தால் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி வணங்குவது. மூத்தவர் மன்னித்து வாழ்த்துவார். எல்லோரும் பொதுவாகத்தான் சொல்வார்கள். இன்ன பிழை என்று யாரும் சொல்வதில்லை.

அந்த ஆண்டு மூத்தவர் சயா. அவர் வீட்டு மாடியில் பதினொரு பேர். மின்சாரம் இல்லை; கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கைலித்துணி, துண்டு, பழம், பால்மாவு டப்பா என்று அவர் முன்னால் குவிந்திருந்தது. சயா கனமாக, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். என் முறை ஆறாவது.

மண்டியிட்டேன். பர்மியத்தில்தான் சொன்னேன்.

"உடலால், சொல்லால், மனத்தால் சயாவுக்குப் பிழை செய்திருக்கிறேன். மனத்தால் செய்தது இது: சயா அந்த மலையூருக்குப் போகவே இல்லை என்று இருபத்துமூன்று ஆண்டுகளாக நினைத்தேன். உடலால் செய்தது: போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. மண்பானை இல்லை. தேவாலய முகப்பில் மாலை வெயில் விழுவதில்லை. ஊர் நடுவில் நீரூற்று இருக்கிறது. பார்த்த பிழையைப் பொறுக்க வேண்டும்."

மூன்று முறை குனிந்து வணங்கினேன். பிறகு பரிசுத் துணியின் மேல் ஒன்பது தாள்களை வைத்தேன். சிவப்பு மையில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன.

நகரைச் சுற்றும் வட்ட ரயில் ஒன்று ஜன்னலுக்குக் கீழே கடந்து போனது. அது போய் முடியும் வரை சயா காத்திருந்தார். பிறகு தமிழில் பேசினார். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது.

"ஏன் ஞீமா இங்க வச்சு? வீட்டுக்குத் தனியா வந்து கேட்டிருக்கலாமே."

"கைக்குழந்தைக்காரி, போகமாட்டான்னு எடிட்டர்கிட்ட நீங்க சொன்னப்ப என்னத் தனியா கூப்பிட்டுக் கேட்டீங்களா, சயா?"

"மூணு நாள் அடைமழை. மேல போற வண்டி நின்னு போச்சு. ஹோட்டல்ல அந்த ஊரப் பத்தி ஒரு துண்டுத்தாள் குடுத்தாங்க. வெறுங்கையோட எப்படித் திரும்புறது?"

"அது கட்டுரைக்கு. நான் போகமாட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கும் மழதானா?"

பக்கத்தில் இருந்த பழைய விளையாட்டுச் செய்தியாளர், "என்ன பேசிக்கொள்கிறீர்கள்?" என்று பர்மியத்தில் கேட்டார். நான் திரும்பி உட்கார்ந்து, சயா சொன்னதையும் நான் சொன்னதையும் வரிசையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மொழிபெயர்த்துச் சொன்னேன். மழை, வண்டி, துண்டுத்தாள், எடிட்டர், கைக்குழந்தைக்காரி. எல்லாம்.

அந்த இரண்டு நிமிடம் எனக்கு இனித்தது. அவர் முகம் சாம்பல் நிறமானதைப் பார்த்தேன். காதோரம் வியர்வை இறங்கியது. அவர் மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். நான் அவரையும் பார்த்தேன், நிறுத்தவில்லை. இரக்கம் வந்தது என்று இங்கே எழுதினால் அது செருப்பைப் பற்றிய வரி போன்றதுதான்.

"அவள் சொன்னது சரியா, சயா?" என்று விளையாட்டுச் செய்தியாளர் கேட்டார்.

"சரி" என்றார் சயா. "அது அவளுடைய பயணம்."

பிறகு முறைப்படி கைகளைக் குவித்தார். கடோ செய்தவரை வாழ்த்தாமல் அனுப்பக் கூடாது. நோயின்றி இரு, எண்ணியது நடக்கட்டும், நீ செய்த பிழைகளைப் பொறுத்தேன் என்று முழுதாகச் சொன்னார். குரல் கடைசி வரை நடுங்கவில்லை. நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். ஏழாவது ஆள் மண்டியிட வந்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

தேநீர் வந்தது. எல்லோரும் மழையைப் பற்றி, யாங்கோன் மழையைப் பற்றி, பேசினார்கள். ஆற்றின் அக்கரையில் உள்ள டாலாவுக்குப் போகும் படகு எத்தனை மணி வரை ஓடுகிறது என்று ஒருவர் கேட்டார். மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். மகளுக்குச் செய்தி அனுப்பினேன். 'வெற்றியா?' என்று கேட்டாள். 'ஆம்' என்று எழுதினேன்.

புத்தகம் குளிர்காலத்தில் வந்தது. அந்தக் கட்டுரை அதில் இல்லை. அடுத்த தடின்ஜூட்டுக்கு கடோ லத்தா பேட்டையில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நடந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை.