ஓரம் கிழிந்த பின்டயர்

அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டு பழுதுபார்ப்பதுதான் அவன் வேலை. மனைவிக்கு மலையூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். அவனும் போயிருப்பான். ஆனால் மாடி வீடே இல்லாத ஊரில் லிஃப்டுக்காரனுக்கு என்ன பிழைப்பு? கீழே நகரத்திலேயே ஒற்றை அறையில் தங்கி, சனிக்கிழமை வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறுவான். மதியமே கிளம்பிவிடும் ஒரே பஸ் அவனுக்கு உதவாது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் ஓடாது.

அந்தச் சனிக்கிழமை, கட்டட வாசலில் கிடந்த தகரத்துண்டு பின்டயரைக் கிழித்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு டயர்கடைக்குப் போனான். கடை நடத்தும் அக்கா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நடுவுல குத்தியிருந்தா இந்நேரம் அடைச்சுக் கொடுத்திருப்பேன் தம்பி. இது ஓரத்துல கிழிஞ்சிருக்கு. ஒட்டுப் போட்டா நிக்காது. டயரையே மாத்திடுங்க."

"சரி, மாத்திடுங்கக்கா."

"இந்த சைஸ் கைவசம் இல்லையே. திங்கட்கிழமை காலையிலதான் வரும்."

"உள்ள ஒரு டியூப் போட்டுக் கொடுங்கக்கா. இன்னிக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன்."

"ஊருக்குள்ள உருட்டலாம். மலைக்கு வேணாம்."

அவன் கெஞ்சினான். மனைவிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"லிஃப்டு கயிறு இப்படிப் பிரிஞ்சிருந்தா நீங்க ஆளை ஏத்துவீங்களா?" என்றாள் அவள். "வராதீங்க. நான் பாப்பாகிட்ட சொல்லிக்கிறேன்."

வாய்தான் 'வராதீங்க' என்றது, குரல் அப்படிச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே டியூப் போட்டுக் கொடுத்தார்.

மலையடிவாரத்து முதல் வளைவிலேயே பின்பக்கம் துள்ளத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தான். கிழிசல் வழியாக டியூப் கொப்புளம் போலப் புடைத்து நின்றது. மேலே, மரங்களுக்கு நடுவில் அவர்கள் ஊரின் தகரக்கூரைகள் வெயிலில் பளபளத்தன. எட்டித் தொட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியைத் திருப்பி, மாட்டுவண்டி வேகத்தில் நகரத்துக்கே திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை விடியவே மறுத்தது. வழக்கமாக அந்நேரத்தில் மகள் தூக்கத்தில் அவன் வயிற்றின்மேல் காலைப் போட்டிருப்பாள். மனைவி தலைமுடி உலர்த்தும்போது ஆஸ்பத்திரி சோப்பு வாசனை வரும். போனில் மகளைக் கூப்பிட்டான். "அப்பா, பூனை குட்டி போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிப்போனாள். அவள் போனை வைக்காமல் போட்டுவிட்டதால், அந்த வீட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திரம் உருளும் சத்தம், கதவுச் சத்தம், மனைவி யாரையோ அதட்டுவது. வெகுநேரம் காதிலிருந்து எடுக்காமல் கேட்டான்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றான்.

"லீவா? லிஃப்டு ஏதாவது நின்னுட்டா?"

"ஒருநாள் படியேறட்டும் சார். உடம்புக்கு நல்லது."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார்.

புது டயரை மாட்டிய அக்கா, "ஆரம்பத்துல வழுக்கும் தம்பி. வளைவுல சாய்க்காதீங்க" என்றார். மனம் பறக்க, வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகத் திரும்பினான்.

வீடு பூட்டியிருந்தது. வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனான். அவசரத்தில் பாதி குடித்த தேநீர்க் கோப்பை ஜன்னலோரம் இருந்தது. கட்டிலில் மூன்று தலையணைகளும் வரிசையாகக் கிடந்தன. அவனுடைய தலையணைமேல் மகளின் கலர்பென்சில் ஒன்று. அதை எடுக்க மனம் வரவில்லை. கோப்பையை மட்டும் கழுவி வைத்துவிட்டு, பள்ளி விடும் முன்பே வண்டியோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றான்.

மணியடித்து வெளியே வந்த மகள் அவனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இன்னிக்கு சனிக்கிழமையாப்பா?"

"இல்லடா. திங்கட்கிழமை."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"சும்மா... உன்னைப் பார்க்கணும் போல இருந்துச்சு."

அவள் யோசித்தாள். பதில் சரி என்று பட்டிருக்க வேண்டும். பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, "டயருக்கு முடி முளைச்சிருக்கு!" என்று குனிந்து, புது ரப்பரில் நீட்டிக்கொண்டிருந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள்.

மனைவி சீருடையிலேயே வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் வண்டியைக் கண்டதும் நடை வேகமானது. மறுநாள் அதிகாலை அவனுக்கு வேலை. பொழுது சாய்வதற்குள் அவன் இறங்கியாக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

"இந்தக் கொஞ்ச நேரத்துக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா."

அவள் அருகில் உட்கார்ந்தாள். மகள் அவன் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

"கிளம்பணுமே. பாப்பாவை எழுப்பட்டுமா?" என்றாள்.

"வேணாம். இன்னும் கொஞ்ச நேரம்."

கால் மரத்துப்போயிருந்தது. அவன் அசையவில்லை.