கோட்டில் பட்ட வெள்ளைக் கால்

விருத்தாசலத்தில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. கோயிலுக்குப் போகிறவர்கள், சங்கத்துக்குப் போகிறவர்கள். நான் இரண்டாம் வகை. வட்டாரக் கபடிச் சங்கத்துக்குச் செயலாளரும் நானே, தலைமை நடுவரும் நானே. போலீஸ் அனுமதிக்கு அலைவதும் மைக் செட்டுக்காரரைக் கெஞ்சுவதும் அதே ஆள்தான். கோப்பை கொடுக்க மட்டும் வேறொருவர் காரில் வந்து இறங்குவார்.

மற்ற ஊர்களில் சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவார்கள். வேர்வை பட்டால் கால் எரியும். ஊரெல்லாம் பீங்கான் பட்டறை இருக்க எதற்கு இந்த எரிச்சல் என்று, இங்கே வெள்ளைக் களிமண் தூளில் கோடு போடுவது என் ஏற்பாடு. எரியாது. ஒட்டும், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு இறுதி ஆட்டம் பட்டறை அணிக்கும் சேத்தியாத்தோப்பு அணிக்கும். ஜெயிப்பவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். பட்டறை அணியில் ரெய்டு போகிறவன், அச்சில் களிமண் குழம்பு ஊற்றும் தொழிலாளி. மாவட்டத்தில் ஆடி மாநில அணிக்குத் தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். அதற்கான வயது வரம்பு அவனுக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. இது எனக்கும் தெரியும், மைதானத்துக்கே தெரியும்.

புள்ளிகள் சமம். கடைசி ரெய்டு. ஓரத்தில் நின்றவனைத் தொட்டுவிட்டு, பக்கக் கோட்டை ஒட்டியே ஓடி வந்து சேர்ந்தான். சேத்தியாத்தோப்புச் சங்கத் தலைவர் கையைத் தூக்கினார்.

"வெளிய கால வச்சிட்டான் சார். பாதத்தப் பாருங்க, வெள்ளையா இருக்குது."

துணை நடுவர்களில் ஒருவர் உள்ளே என்றார், மற்றவர் வெளியே என்றார். இப்படியானால் தீர்ப்பு தலைமை நடுவருடையது. தலைமை நடுவருக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவே அப்போது ஓர் அகலமான முதுகு இருந்தது.

"கோடும் ஆடுகளத்தில் சேர்த்திதான். கோட்டை மிதித்தால் அவுட் இல்லை" என்று விதியைச் சொன்னேன். விதியைச் சொன்னால் எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. பாதத்தைக் காட்டச் சொல்லிக் கூச்சல். சரி, பட்டறை அணி முழுவதும் காலைத் தூக்குங்கள் என்றேன். ஏழு பேருக்கும் வெள்ளை. களத்துக்குள்ளேயே வராமல் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் வெள்ளை.

"ஷிப்ட்ல இருந்து நேரா வராங்கண்ணே, வேற என்ன கலர்ல இருக்கும்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. களத்தில் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்திருந்தோம். வேர்வையில் ஊறிய அந்தக் கால், போன இடமெல்லாம் வெள்ளையாக முத்திரை குத்தியிருந்தது. பாதத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கலாம் என்று தலைவரை அழைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். கோட்டின் மேல் பாதிக் குதிகால். கோட்டுக்கு அந்தப் பக்கம் துப்புரவாகச் செம்மண். அவர் கையாலேயே தடவிப் பார்த்தார்.

ரெய்டு போனவன் அந்த நேரம் முழுவதும் எங்களைப் பார்க்கவேயில்லை. இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ளதான் இருக்குது" என்றார் தலைவர் எழுந்து. "அடுத்த வருசம் எங்க ஊர்ல வச்சிக்குங்க சார். சேத்துல ஆடட்டும், பாக்கலாம்."

விசில் ஊதினேன். கோப்பை கொடுக்கிறவர் இன்னும் வந்து சேரவில்லை. அவனுக்கோ அரை ஷிப்ட் பாக்கி. கிளம்பினவனை நிறுத்தி, செயலாளர் என்ற முறையில் ஒரு அறிவுரை சொன்னேன்.

"மாவட்டத்துக்குப் போறப்பவாவது காலக் கழுவிட்டுப் போப்பா."

"கழுவிட்டுதான் சார் வந்தேன்" என்றான்.