அண்டா மேல் விழுந்த பழி

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று பத்துப் பதினைந்து பேர் போனில் விசாரித்தீர்கள். நன்றி. விசாரிக்காதவர்களுக்கும் சேர்த்தே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் வித்யாவுக்குக் கல்யாணம். இங்கேதான், சங்கரன்கோவிலில். நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள், நூற்றைம்பது பேருக்குக் காய்ச்சி வைத்திருந்த சொதியை, இலை போட அரை மணி நேரம் இருக்கும்போது, கீழே கொட்டச் சொல்லிவிட்டேன்.

சொதி தெரியாதவர்களுக்கு... தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிகிற குழம்பு. எங்கள் நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்தே சொதிச் சாப்பாடுதான். தாலி கட்டுகிற அன்று சாம்பாரில் உப்பு குறைந்தால் மன்னித்துவிடுவார்கள். சொதி சரியில்லை என்றால், பிறக்கப்போகிற பேரனுக்குக் காது குத்துகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அப்பேர்ப்பட்ட சொதியை ஏன் கொட்டச் சொன்னேன்? ஒரு கடைவாய்ப் பல்லால்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பல்லின் அடியில் ஈறு வீங்கிவிட்டது. வலது கன்னம் உப்பிவிட்டது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, உள்ளே சீழ் வைத்திருக்கிறது, முதலில் மாத்திரை, வீக்கம் வடிந்த பிறகு பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். இரண்டு வகை ஆன்டிபயாடிக். ஐந்து நாள்.

எழுதிக் கொடுத்ததோடு விடவில்லை. இது இப்படிச் செய்யும், அது அப்படிச் செய்யும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாலை கட்டுகிறவரிடமிருந்து போன். மாப்பிள்ளை மாலைக்கு ரோஜாவா, சம்பங்கியா? டாக்டருக்குத் தலையை ஆட்டிக்கொண்டே போனில் பதில் சொன்னேன். சம்பங்கி என்று முடிவானது. டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி கோமதி ஓர் உத்தரவு போட்டாள். "பல்லு வீங்குனது, மாத்திரை போடுதது, ஒண்ணும் வெளிய தெரியக்கூடாது. பொண்ணுக்க அப்பாவுக்கு மேலுக்குச் சரியில்லன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

கன்னம் உப்பியிருப்பதை எப்படி மறைப்பது? வெற்றிலை அடக்கியிருக்கிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

மறுநாள் காலை காப்பி ஒரு மாதிரி இருந்தது. துருப்பிடித்த ஆணியை ஊறவைத்துக் கொடுத்ததுபோல... பால்காரரைத் திட்டினேன். மத்தியானம் ரசமும் அப்படியே. தண்ணீரும் அப்படியே. சரி, குழாயில் ஏதோ கோளாறு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தேன்... என் நாக்கைத் தவிர.

கல்யாணத்தன்று இன்னொரு கூத்து. தாரை வார்க்கும் வரை பெண்ணைப் பெற்றவர்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பது எங்கள் வழக்கம். இருந்தேன். ஆனால் மாத்திரை மட்டும் விடிந்ததும் போட்டுக்கொண்டேன். மாத்திரை சாப்பாட்டில் சேராதே என்று ஒரு வாதம். வெறும் வயிற்றில் அது என்ன செய்யும் என்பது மணையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. குமட்டிக்கொண்டு வருகிறது. முன்னால் ஹோமப் புகை வேறு.

தாரை வார்க்கும்போது எடுத்த போட்டோக்களைப் பார்த்தவர்கள், மகளைப் பிரிகிற துக்கம் முகத்தில் அப்படியே தெரிகிறது என்கிறார்கள். அது வாந்தியை அடக்குகிற முகம். நான் மறுக்கவில்லை.

அப்புறம் வயிறும் சேர்ந்துகொண்டது. அன்று மட்டும் நாலைந்து முறை மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். சம்பந்தியம்மா, பக்கத்து ஊரான திருவேங்கடத்திலிருந்து தன் கையால் செய்து கொண்டுவந்த பாசிப்பயறு இனிப்பான முந்திரிக்கொத்தை ஆசையாக நீட்டினார். ஒரு கடி கடித்தேன். அதிலும் அதே ஆணி. முகம் எப்படிப் போனதோ... மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு மறுபடி பின்பக்கம் ஓடினேன்.

இப்போது சொதிக்கு வருகிறேன்.

கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கம் தவசுப்பிள்ளை என்போம். எங்களுக்குச் சமைத்தவர் சண்முகையா. அவருக்கு அலுமினியம் ஆகாது. ஊரெல்லாம் மாறினாலும் சொதிக்கு மட்டும் தன் சொந்தப் பித்தளை அண்டாவைத்தான் கொண்டுவருவார். முகூர்த்தக் காலம் தொடங்குவதற்கு முன்பு உள்ளே ஈயம் பூசிவிடுவார். ஈயம் போன பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறிவிடும், அது வயிற்றுக்குக் கேடு என்பது சமையல் தெரியாத எனக்குக்கூடத் தெரியும்.

பந்திக்கு முன்னால் பெண்ணின் அப்பா சொதியை ருசி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இது எங்கள் குடும்ப வழக்கம். சண்முகையா ஒரு கரண்டி மொண்டு உள்ளங்கையில் ஊற்றினார். நக்கினேன்.

அதே கைப்பு. அதே உலோகம். முன்னால் பித்தளை அண்டா. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"சண்முகையா, களிம்பு ஏறிட்டுவே."

அவர் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, ஈயம் பூசிப் பத்து நாளு ஆகல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மறுபடி நக்கினேன். சந்தேகமே இல்லை. நூற்றைம்பது பேர், மாப்பிள்ளை வீட்டார், குழந்தைகள்... யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? "கொட்டிருங்க. சாம்பார் ஏதாச்சும் வைக்க முடியுமான்னு பாருங்க" என்றேன்.

பக்கத்தில் என் மச்சான் முருகேசன், கோமதியின் தம்பி, நின்றிருந்தான். அவனும் வாங்கி நக்கினான். நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தான். "ஆமா அத்தான், லேசா ஒரு கைப்பு இருக்கத்தான் செய்யுது." பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் மூன்று பேரும் நக்கிப் பார்த்தார்கள். ஒருவர் கைப்பு என்றார். ஒருவர் தொண்டையில் பிடிக்கிறது என்றார். மூன்றாமவர், தான் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்.

சண்முகையாவின் முகம் செத்துப்போனது. முப்பது வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் சொதி என்றால் அவர்தான். களிம்புச் சொதி வைத்தவர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

"கொட்டச் சொல்லுதீக, கொட்டிருதேன்" என்றார். "ஆனா கொட்டுததுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு செய்யுங்க."

இலைக்கு வைத்திருந்த தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். சாப்பிட்டேன். ஆணி. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து கொடுத்தார். குடித்தேன். ஆணி.

இரண்டும் கைக்கிறது என்றேன். வாழைப்பழத்துக்குக் களிம்பு எப்படி ஏறும்?

சண்முகையா குரலைத் தணித்துக் கேட்டார். "அண்ணாச்சி, என்ன மாத்திரை போடுதீக?"

அதற்குள் அங்கே வந்துவிட்ட கோமதி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் போன வருசம் கால்ல கண்ணாடி குத்திச் சீழ் வச்சுட்டு" என்றார் அவர். "இப்பிடித்தான் மாத்திரை குடுத்தாக. முடியுத வரைக்கும் நாக்கு என் நாக்கா இல்ல. தேனக் குடுத்தாலும் கசந்துச்சு. அது வரைக்கும் என் வீட்டுக்காரிதான் உப்புப் பாத்தா."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே சார், வாய் கசக்கும், இரும்பு மாதிரி இருக்கும், வயிறும் கொஞ்சம் தொந்தரவு பண்ணும்னு. நீங்கதான் தலைய ஆட்டுனீங்க" என்றார். சம்பங்கியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

போனைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமதி, இந்தப் பாழாய்ப்போன மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். கூடாது என்றார் டாக்டர். இந்த மாதிரி கசப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை, கோர்ஸ் முடிந்ததும் நாக்கு தானாகத் திரும்பிவிடும். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். வயிற்றுப்போக்கு கூடினாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ, மேலெல்லாம் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இந்த முறை நடுவில் மாலைக்காரர் கூப்பிட்டும் (பாக்கிப் பணத்துக்காக இருக்கும்) நான் எடுக்கவில்லை.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இறக்கி வைத்த பாரம் என்பார்களே, அதுதான். சொதி கெடவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

ஆனால் சண்முகையா சிரிக்கவில்லை. பந்தி நடக்கிற கூடத்தைக் காட்டினார். உள்ளே அதற்குள் இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று சொந்தக்காரர்களில் ஒருவர் போய்ச் சொல்லியிருக்கிறார்... சொதியில் களிம்பாம். ஒரு வரிசை முழுக்கத் தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்து பேசிக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேசாமப் பரிமாறச் சொல்லுங்க, தானாச் சரியாயிரும்" என்றாள் கோமதி.

எனக்கும் அதுதான் வசதி. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது? பழி போட்டவன் நான். சட்டையைப் பிடித்த அவள் கையை விலக்கிவிட்டுக் கூடத்துக்குள் போனேன். பந்தியின் முனையில் நின்று சொன்னேன்.

"சொதி நல்லாருக்கு. கெட்டது என் நாக்கு. நாலு நாளாப் பல்லுக்கு மாத்திரை போடுதேன். அதுல எனக்கு எல்லாமே கசக்கு. தவசுப்பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சம்பந்தியம்மாவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, முதலில் எனக்குப் போடச் சொன்னேன். சோறு. அதன் மேல் சொதி. மொத்தப் பந்தியும் என் வாயையே பார்க்கிறது. முதல் கவளம் ஆணி. இரண்டாவதும் ஆணி. முகத்தைச் சுளிக்காமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய நடிப்பு அதுதான்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "அப்ப அண்ணாச்சி... நேத்து முந்திரிக்கொத்த வச்சுட்டுப் போனது?"

"அதுவும் மாத்திரைதான் மதினி."

"மாத்திரையா..." என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எங்க மேல என்னமோ கோவம்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தோம். மணையில வச்சே மூஞ்சி சரியில்ல. இந்தப் பிள்ளைய எப்பிடி நாங்க கேக்கது, உங்க அப்பாவுக்கு எங்களப் பிடிக்கலையான்னு?"

அவருக்குப் பக்கத்தில் வித்யா. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு ராத்திரிக்குள் அந்தப் பெண் புது வீட்டில் எத்தனை முகங்களுக்குப் பயந்திருப்பாள்? யாரும் எதுவும் பேசிவிடக் கூடாது என்றுதான் மறைத்தோம். மறைத்ததால் பேசாமலேயே எல்லாரும் தப்பாக நினைத்துக்கொண்டார்கள். பல் வீங்கியிருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அதற்குப் பிறகு சொதி பறந்தது. முருகேசன் மட்டும் மூன்று முறை வாங்கினான். "கைப்பா இருக்குன்னியேடா?" என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான். "நீங்க சொன்னீக அத்தான். கல்யாண வீட்டுல உங்களை எதுத்து என்னத்துக்குப் பேசணும்?"

யோசித்துப் பார்த்தால், மாத்திரை கெடுத்தது என் ஒருவன் நாக்கைத்தான். நல்ல நாக்கு வைத்திருந்த நாலு பேருக்கும் கசந்ததற்கு எந்த டாக்டரிடம் மருந்து கேட்பது?

மிச்சமிருந்த மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு முடித்தேன். முடிந்த மூன்றாம் நாள் நாக்கு திரும்பி வந்தது. வயிறும் அடங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கியாயிற்று. சம்பந்தியம்மா இன்னொரு டப்பா முந்திரிக்கொத்து கொடுத்து அனுப்பியிருந்தார். இடது பக்கமாகக் கடித்து, ஒன்று விடாமல் தின்று தீர்த்தேன்.

சண்முகையாவுக்குப் பெயர் கெடவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கும் ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்களாம். ஆனால் எத்தனை இலை, என்னென்ன கூட்டு என்பதெல்லாம் இப்போது அப்புறம்தான். அவர் கேட்கிற முதல் கேள்வி...

"பொண்ணுக்க அப்பா மாத்திரை ஏதும் போடுதாகளா?"